ஏழாவது என்பு

புத்தகத்தில் நிற்பவனுக்கு முகமில்லை.
கோட்டுப் படத்தில் பக்கவாட்டாய் நிற்கிறான்,
தோளிரண்டும் தானாகத் தாழ்ந்தவன்,
மூச்சை விடு என்றால் விடுகிறவன்,
தலையில் மயிரே இல்லாதவன்.

பதுளை ஆஸ்பத்திரி. காலை எட்டேகால்.
கதிர் குறைவாய் விழுந்த படம்போல
நடைவழி ஜன்னலில் நமுனுகுல
வெளுத்துக் கிடக்கிறது.

நேற்று என் கணக்கில் இரண்டு மீள்படம்.
ஒன்று ஈரச் சடை:
நுரையீரல் உச்சியில் நோயைப் போலவே ஒரு நிழல்.
மற்றது ரவிக்கை ஊக்கு.
உபுலி சிரித்தாள்.
போன கிழமை அவளுக்கு மூன்று.

இன்றைய முதல் சீட்டு:
பவளக்கொடி, நாற்பத்தாறு, கழுத்து, பக்கப்படம்.
ராவானால் வலது கை மரத்துப் போகுதாம்.

கேட்க வேண்டியதைக் கேட்கிறேன்,
கடைசியாய்க் குளித்தது எப்போது என்று.
"அதெல்லாம் நின்னு ரெண்டு வருசமாச்சு."
தோடு, மூக்குத்தி, கொண்டை ஊசி ஏழு
தட்டில் விழுகின்றன.
தாலிக்கயிற்றைக் கழற்ற மாட்டாள்.
நெஞ்சுக்குக் கீழே இழுத்து
பிளாஸ்டர் போட்டு ஒட்டினேன்.
புத்தகத்தில் இது இல்லை.

தட்டோடு தோள் ஒட்டி நிற்க வேண்டும்.
தூரம் நூற்றெண்பது சென்ரிமீற்றர்.
தாடை முள்ளந்தண்டை மறைக்காதபடி
நாடி சற்று மேலே.
மூலையில் ஈய எழுத்து, மறந்தால் பரீட்சையில் பூச்சியம்.
தோள் இறங்குவதற்கு
கைக்கொன்றாய் மணல்மூட்டை.

"இது எத்தன கிலோ புள்ள?"
அஞ்சு.
"தண்ணிக்கு ரெண்டு கழிச்சா?"

சிரிப்பு அடங்கும்வரை காத்திருந்து
மூச்சை விடச் சொன்னேன்.

திரையில் எண்ணுகிறேன்.
ஒன்று வளையம். இரண்டுக்கு ஒரு பல்.
மூன்று, நான்கு.
ஐந்தின் விளிம்பில் முள்போல ஏதோ.
ஆறு.
அதற்குப் பிறகு தோள்,
வெள்ளையாய், மலைபோல.
ஏழு அதற்கு அந்தப்பக்கம்.
முப்பது வருசம் நெற்றிக்கயிற்றில் கூடை தொங்கியவளை
பத்துக் கிலோ மணல் அசைக்கவில்லை.

ஏழு தெரியாவிட்டால் நீச்சல்காரர் நிலை,
பக்கம் இருநூற்றுப் பதினொன்று.
ஒரு கை தலைக்கு மேலே, மறு கை கீழே,
நீந்துகிறவர் மாதிரி, அக்கா.
"நான் ஆத்துல எறங்குறதே கால் கழுவத்தான்."
கை முன்னால் போனது,
பிறகு பக்கத்தில், பஸ்ஸை மறிப்பதுபோல.

கண்ணாடிக்குப் பின்னாலிருந்து உபுலி
"அத்த உஸ்ஸன்ன" என்றாள், மெதுவாகத்தான்.
பவளக்கொடி
இரண்டு கையையும் தூக்கினாள்.
தூக்கியபடியே நின்றாள்.

கொஞ்ச நேரம் அறையில் யாரும் பேசவில்லை.
உபுலி வெளியே வந்து
அந்தக் கைகளை
ஒவ்வொன்றாய்க் கீழே இறக்கிவிட்டாள்.

அக்கா, கொழுந்த ஆஞ்சிட்டீங்க.
பின்னால கூடைக்குள்ள வீசுறீங்க.
வீசுன கை அப்பிடியே நிக்கட்டும்.
மத்தக் கை கீழ, வாதைப் புடிச்சாப்ல.

நின்றாள்.
முழங்கை காதோரம், ஒரு தோள் முன்னே, ஒன்று பின்னே,
நான் ஒரு விரலாலும் திருத்தவில்லை.

மூச்ச விடுங்க.
நிப்பாட்டுங்க.

ஏழு வந்தது.
அதன் காலடியில் முதல் நெஞ்சென்பின் மேல்விளிம்பும்.
உபுலி என் கொப்பியை இழுத்து
நீச்சல்காரரை வெட்டிவிட்டு
சிங்களத்தில் ஏதோ எழுதினாள்.
பரீட்சையில் இதை எழுத முடியாது.

"என்னம்மா தெரியுது?"
டொக்டர் சொல்லுவார்.
எண்ணலாம் நான், சொல்லக் கூடாது.
ஐந்தாவதின் முள்ளைப் பார்த்துக்கொண்டே
ஊசிகளைத் திருப்பிக் கொடுத்தேன்.

மணி கேட்டாள். பத்தே முக்கால்.
"அப்ப இன்னிக்கிப் பேரு இல்ல."
கொண்டையை முடிந்துகொண்டு
பிளாஸ்டரைத் தானே உரித்தாள்.

திரையின் மூலையில்
அவள் பெயரில் ஓர் எழுத்து விடுபட்டிருந்தது.
போட்டேன்.
பிறகு அனுப்பினேன்.